பழவேற்காடு: கல்லறையும் ஏரியும்

பொன்னேரியைத் தாண்டிக் கிழக்கே போகப் போக நிலம் தாழ்ந்துகொண்டே வருகிறது. நெல்வயல் முடிந்து சீமைக் கருவேலம் தொடங்குகிறது. பிறகு அதுவும் குட்டையாகி, உவர்மண்ணும் இறால் குட்டைகளும்தான். ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே கருவாட்டு வாடை வேனுக்குள் ஏறிவிட்டது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் சன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, "வாளை காயுது" என்றார். ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டுக் காலமெல்லாம் மீன் வாங்கியவர். நாங்கள் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

இரண்டு குடும்பங்களாகக் கிளம்பியிருந்தோம். என் வீட்டில் மனைவி, மகள், மகன், அத்தை. நண்பர் வீட்டில் அவரும் அவர் மனைவியும் கல்லூரிக்குப் போகும் பையனும். நண்பர் பள்ளியில் வரலாறு நடத்துபவர். ஆகவே சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற சுகம் எங்களுக்கு வாய்க்காது என்பது புறப்படும்போதே தெரியும். சென்னைக்காரர்கள் பலருக்குப் பழவேற்காடு என்றால் ஏரியும் நண்டும் பறவையும்தான். அத்தைக்கும் அப்படித்தான். "பழவேற்காட்டு நண்டு" என்று கூடைக்காரம்மா கூவினால் விலை பேசாமல் வாங்குவார். ஊரை மட்டும் பார்த்ததில்லை.

முதலில் டச்சுக் கல்லறைக்குப் போனோம். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. வருகிறவனுக்கு அவன் முடிவை நினைவுபடுத்த 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்களுக்குப் பிடித்தமான வழி இது. எங்கள் பையன்கள் அவற்றின் தோளில் கைபோட முயன்று படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட சமாதிகள். சில தரையோடு பதித்த பெரிய பலகைக் கற்கள். சில கூர்நுனித் தூண்களாக ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்பவை. பலகைகளில் குடும்ப முத்திரைகள், கேடயங்கள், தலைக்கவசங்கள், சுற்றிலும் பூக்கொடிகள், நடுவில் மேடாகச் செதுக்கிய டச்சு எழுத்துகள். முந்நூறு ஆண்டுக்கு மேல் உப்புக்காற்று பட்டும் அந்த எழுத்துகளைத் தடவினால் இன்னும் விரலில் உறைக்கிறது.

மகள் ஒரு கல்லின் முன் உட்கார்ந்து இறந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துப் பார்த்தாள். "அங்கிள், இவங்க அம்மாவைவிடச் சின்னவங்க" என்றாள். நண்பர் தலையாட்டினார். காய்ச்சல், கழிச்சல், வெயில், சாராயம் எல்லாம் சேர்ந்து வந்தவர்களில் பாதிப் பேரை ஊர் திரும்ப விடவில்லை என்று தொடங்கியவர், நிழல் ஒன்று கிடைத்ததும் பாடமே நடத்திவிட்டார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. 16ஆம் நூற்றாண்டில் இது விஜயநகரப் பேரரசின் துறைமுகம். போர்த்துகீசியர் வந்து தங்கி 1515இல் மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பினார்கள். மகிமை மாதா ஆலயம் என்ற பெயரில் அந்த மரபு இன்றும் தொடர்கிறது. அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் 1610இல் அனுமதி வாங்கிப் பண்டகசாலை வைத்தார்கள். போர்த்துகீசியருக்குப் பொறுக்கவில்லை. 1612இல் சாந்தோமிலிருந்து வந்து அதை அழித்தார்கள். மறு ஆண்டே, 1613இல், டச்சுக்காரர்கள் கோட்டையாகவே கட்டிவிட்டார்கள். அப்போதிருந்த தலைமை அதிகாரி வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாண்டை நினைத்து அதற்குக் கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சு வணிகம் இந்தச் சின்ன ஊரிலிருந்துதான் நடந்தது.

அவர்கள் துணிக்காக வந்தார்கள் என்பதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஐரோப்பாவுக்கு வேண்டியது கிராம்பும் சாதிக்காயும். அவை விளைவது கிழக்கே மொலுக்கஸ், பாண்டா தீவுகளில். அந்தத் தீவுக்காரர்களுக்கு வெள்ளிக்காசு பெரிதில்லை. அவர்கள் கேட்டது இந்தக் கரையில் சாயவேரால் சிவப்பேற்றிய துணி. எனவே கப்பல்கள் இங்கே துணி ஏற்றி, அங்கே அதைக் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கி, ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தன. இந்தச் சுற்று எங்கும் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் கோட்டையும் பீரங்கியும். கோட்டைக்குள் வெடிமருந்து அரைத்தார்கள். டச்சுக் கம்பெனியின் முத்திரை போட்ட காசும் அடித்தார்கள்.

ஆங்கிலேயரும் இங்கே காலூன்றிப் பார்த்தவர்கள்தான். ஐரோப்பாவில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் 1621இல் டச்சுக்காரர்களுக்குப் பக்கத்திலேயே கடை விரித்தார்கள். நிலைக்க முடியவில்லை. வடக்கே ஆர்மகானுக்குப் போனார்கள், அங்கும் சரிப்படவில்லை. கடைசியில் 1639இல் தெற்கே வந்து ஒரு மணல்மேட்டை வாங்கினார்கள். அதுதான் மதராசப்பட்டினம். பழவேற்காட்டில் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தால் நாங்கள் அன்று எந்த ஊரிலிருந்து கிளம்பி வந்திருப்போம் என்று நண்பரின் பையன் கேட்டான். அப்பா பாடம் நடத்தும்போது அவன் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

நண்பர் அந்த இடத்திலேயே இன்னொன்றையும் சொன்னார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், பிள்ளைகளுக்காக. 1620களின் தொடக்கத்தில் இந்தக் கரையில் பஞ்சமும் போரும் சேர்ந்து வந்தன. சோற்றுக்கு வழியில்லாதவர்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றார்கள். வாங்கியவர்கள் தரகர்கள், ஏற்றியது கம்பெனிக் கப்பல்கள். பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஆயிரக்கணக்கில் அடிமைகள் போனார்கள். வங்கக் கடலின் மறுகரையான அரக்கானில் விலைக்கு வாங்கப்பட்டவர்களும் இந்தத் துறை வழியாகக் கைமாறினார்கள். கம்பெனியின் கணக்குப் புத்தகங்களில் துணிக்கட்டு, வெடியுப்பு ஆகியவற்றோடு அவர்களும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள்.

"அவங்க கல்லறை எங்க?" என்று அத்தை கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? பேரம் பேசியவனுக்குக் கல் இருக்கிறது, கல்லைச் சுற்றிச் சுவர் இருக்கிறது, கேட்டில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்ற பலகையும் இருக்கிறது.

கோட்டை பக்கத்தில்தான். கோட்டை என்று சொல்லி அழைத்துப் போனால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். எங்கள் பிள்ளைகளும் ஏமாந்தார்கள். அகழியின் தடம், முள் மண்டிய மேடு, அங்கங்கே செங்கல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இதை இடித்தார்கள். 1824இல் லண்டனில் போட்ட ஒப்பந்தப்படி அடுத்த ஆண்டு ஊரும் அவர்கள் கைக்கே நிரந்தரமாகப் போயிற்று. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கே நின்று பெருமூச்சு விட எனக்குத் தோன்றவில்லை. ஒரு வெடிமருந்துக் கிடங்கு முள்காடாகிப்போனதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

வருத்தப்பட வேண்டிய இடம் ஆதிநாராயணப் பெருமாள் கோயில். விஜயநகரக் காலத்துக் கட்டடம், செம்புரைக்கல்லில் எழுப்பியது. தமிழ்நாட்டுக் கோயில் என்றாலே கருங்கல்லை எதிர்பார்க்கும் கண்ணுக்கு இந்தத் துளைத்துளையான சிவப்புக் கல் புதிதாக இருக்கும். அருகில் கிடைக்கிற கல், செதுக்க எளிது, ஆனால் மழையும் உப்பும் அரிக்கும். உள்ளே ராமாயணக் காட்சிகள் விரல் நீளச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. இவ்வளவு சின்னதாகச் செதுக்குகிறவனுக்குப் பொறுமை மட்டும் போதாது, கதையில் எதை விடலாம் என்ற தெளிவும் வேண்டும். வில் பிடித்த இருவர், பின்னால் ஒருத்தி என்றால் காடு வந்துவிட்டது. மரம் ஒன்றுகூடச் செதுக்க வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்த அத்தை ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார். தேய்ந்துபோன இடங்களையும் அவரே நிரப்பிக்கொண்டார். ஆனால் அவருக்குப் பின் வருகிற தலைமுறைக்குக் கல்லும் தேய்ந்திருக்கும், கதையும் பாதிதான் தெரியும். ஊரில் முதலில் காப்பாற்ற வேண்டியது எது என்று என்னைக் கேட்டால் இந்தச் சிற்பங்களைத்தான் சொல்வேன்.

அங்கிருந்து பள்ளிவாசல் தெரு. அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர்கள் என்பது இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் வழிவழிச் செய்தி. டச்சுக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் துறையில் கடல்வணிகம் செய்துவந்தவர்கள் அவர்கள். பள்ளிவாசலில் காலமானி என்று ஒன்றைக் காட்டினார்கள். வெயிலின் நிழல் விழுந்து நேரம் காட்டும் கருவி. பையன்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பகல் தொழுகை நேரத்துக்கு நிழல்தானே அடிப்படை? பொழுது உச்சியிலிருந்து சாய்ந்தால் லுஹர். உச்சிப்பொழுதில் விழும் நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்தளவுக்கு வளர்ந்தால் அஸர் என்பது கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி வழக்கம். கடிகாரம் பிறகு வந்தது. அங்கிருந்த பெரியவர் இதைச் சொல்லிவிட்டு, தன் கைப்பேசியில் இருந்த தொழுகைநேரச் செயலியையும் சிரித்துக்கொண்டே காட்டினார்.

அதே தெருக்களில் திண்ணைக்குத் திண்ணை பனையோலைப் பின்னல். குருத்தோலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, காயவைத்து, பெட்டி, தட்டு, கிலுகிலுப்பை, மூடிபோட்ட சிமிழ் என்று பெண்கள் முடைகிறார்கள். பேச்சு ஒரு பக்கம், சமையல் ஒரு பக்கம் நடக்க, விரல்கள் கீழே பார்க்காமலே ஓடுகின்றன. "ஏம்மா, ஒரு பெட்டி முடைய எவ்ளோ நேரம் ஆவும்?" என்று அத்தை கேட்டார். "பெட்டிக்கு நேரம் இல்லம்மா, ஓலை சீவத்தான் நேரம்" என்று பதில் வந்தது. என் மனைவியும் நண்பரின் மனைவியும் அளவுக்கு மீறி வாங்கினார்கள். விலையைக் கேட்டபோது, நகரத்துக் கண்காட்சிகளில் இதற்கே போடுகிற விலை நினைவுக்கு வந்து எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த ஊரின் துணி என்னவாயிற்று? கட்டம்போட்ட லுங்கிக்குப் பாளையகாட் என்று கடைகளில் பெயர் சொல்கிறார்களே, அது இந்த ஊர்ச் சரக்கின் மிச்சம்தான். இதே வகைக் கைக்குட்டைத் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை போயிற்று. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிளாஸ்கோ நெசவாளர்கள் அதைப் பார்த்துத் தாங்களே நெய்து, ஊர்ப் பெயரையும் அதற்கே வைத்து விற்றார்கள். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஒரு லுங்கி வாங்கலாம் என்று நண்பர் பிடிவாதமாகத் தேடினார். கிடைத்தது, விசைத்தறியில் நெய்து வெளியூரிலிருந்து வந்தது.

மதியச் சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸில். இறால் தொக்கு, மடவை வறுவல், நண்டு மசாலா. நண்டுக்கு முன் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். மடவை பற்றி மட்டும் அத்தை தீர்ப்புச் சொன்னார்: "ஏரி மடவைக்குச் சேத்து வாடை இருக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நல்லா அலசியிருக்காங்க." சமைத்த அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு எங்களுக்குக் குழம்பு இரண்டாம் தடவை கேட்காமலே வந்தது.

பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கம் போனால்தான் ஏரியின் விரிவு புரிகிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. ஆரணியாறு தெற்கிலும், காலங்கி, சுவர்ணமுகி ஆறுகள் வடக்கிலும் நல்ல தண்ணீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியே கடல் உப்பைக் கொண்டு வருகிறது. இரண்டும் கலக்கிற அளவுதான் இங்கே எல்லாம். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைந்தால் ஏரி நீர் கோடையில் உப்பேறிக் கரிக்கும், இறால் குஞ்சுகள் உள்ளே வராது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாட்களில் இந்தக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் மீனவர்களுக்கு அது கடலுக்குப் போகக்கூடாத நாளும்கூட.

தை மாதம் என்பதால் பூநாரைகள் இருந்தன. தொலைவில், கலங்கிய நீரில், தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றை அலசிக்கொண்டு. கட்ச் வளைகுடாப் பக்கத்து ரண் உவர்நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் இவை. ஆழமில்லாத உவர்நீர் தேடி இவ்வளவு தூரம் வருகின்றன. மகன் படகில் போய்க் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தான். முடியாது என்றேன். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகக் கிளம்பிய உறவினர் கூட்டம் ஒன்றின் படகு இங்கே கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுக்குத் தடை. யாராவது ரகசியமாக அழைத்தாலும் ஏறக்கூடாது.

படகுக்குப் பதில் பேச்சு கிடைத்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாடு என்றால் என்ன என்று கேட்டதும் வலையைக் கீழே வைத்தார். முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில்தான் அலையேற்றத்தோடு இறால் போகவர இருக்கும். கழி நட்டுச் சுத்துவலை கட்ட அதுதான் தோதான இடம். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான். எனவே தண்ணீரையே பாடுகளாகப் பிரித்து, இன்ன பாட்டில் இன்னார் என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துச் சுழற்றுகிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களுக்கு இதில் பங்கு. தலைக்கட்டு உள்ளவனுக்கு முறை உண்டு. பெரிய வலைக்காரன், சின்ன வலைக்காரன் என்ற பேதம் இல்லை. "இன்னிக்கு எனக்கு நல்ல எடம், நாளைக்கு அவனுக்கு. பணம் இருக்குன்னு எவனும் வருஷம் பூரா ஒரே எடத்துல ஒக்கார முடியாது தம்பி" என்றார்.

நண்பருக்கு உடனே உத்திரமேரூர் வந்துவிட்டது. குடவோலையைக் கல்லில் வெட்டியதால் அது பாடப்புத்தகத்தில் ஏறியது, இதையும் ஏற்றலாமே என்றார். நியாயம்தான். ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் இல்லாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. இங்கேயும் அப்படியொரு வாசல் இருக்கிறது. பாடு முறை பட்டினவர் சமூகத்துக்கு உரியது. ஏரியை நம்பி வாழும் மற்றவர்களுக்கு அந்தச் சீட்டு இல்லை. வழக்குகளும் சண்டைகளும் அதனால்தான். கரையோரத்தில் இடுப்பளவு நீரில் குந்தி, வாயில் ஓலைப்பறியைக் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை அன்று நாங்கள் பார்த்தோம். வலையும் இல்லை, படகும் இல்லை, பாடும் இல்லை. பெரியவரிடம் இதைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மீன் நெறைய இருந்தப்ப யாரும் கேக்கல" என்றார். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கினால் கரை அரித்து முகத்துவாரமே போய்விடும் என்ற கவலைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

திரும்பும் வழியில் அத்தை நண்டு வாங்கினார், இந்தத் தடவை விலை பேசி.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் கல்லறையோடும் நண்டோடும் திரும்பிவிடாமல் பெருமாள் கோயிலுக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஓலைப் பெட்டியைத் திண்ணையிலேயே, முடைந்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். கல்லறையைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கேட்டருகே தமிழில் இன்னொரு பலகைக்கு இடம் இருக்கிறது. இந்தத் துறையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக ஏற்றிப்போனார்கள் என்பதை அதில் எழுதி வையுங்கள்.